மூளைக்குள் கருவி வைக்கச் சம்மதிக்கும் முன்: குடும்பத்தினருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) வந்த ஒன்பதாம் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்து வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடினோம். "மூளையில் பேஸ்மேக்கர் வைத்துவிடலாம்" என்று நரம்பியல் மருத்துவர் முந்தைய நாள் சொல்லியிருந்தார். அத்தான் அதை எலான் மஸ்கின் கருவி என்று எண்ணிக்கொண்டு, மனத்தில் நினைப்பதையெல்லாம் கம்பெனிக்காரன் படித்துவிடுவானே என்று கவலைப்பட்டார். பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வைத்தால் இந்த மாத்திரையையெல்லாம் நிறுத்திவிடலாமா?" அத்தானின் பயம் வேறொரு கருவியைப் பற்றியது, பெரியம்மாவின் நம்பிக்கையோ இந்தக் கருவி தராத ஒன்றைப் பற்றியது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பட்டவற்றை, அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயாளியுடன் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடந்தவன் என்பது மட்டுமே என் தகுதி. ஆகவே இதை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகக் கொள்ளாமல், மருத்துவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டிய குறிப்பாகக் கொள்ளுங்கள்.

எந்தக் கருவி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

"மூளையில் சில்லு" என்ற ஒரே பெயருக்குள் செய்தித்தாள்களும் வாட்ஸ்அப் குழுக்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களைச் சேர்த்துக் கட்டிவிடுகின்றன. உங்கள் மருத்துவர் சொல்வது எது என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்து, கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்வதுதான் முதல் வேலை.

மருத்துவமனைகளில் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பது, டிபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூளை ஆழ்தூண்டல் சிகிச்சை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987-இல் அலிம் லூயி பெனபிட் என்னும் அறுவை நிபுணர், நடுக்கத்தைப் போக்க மூளையின் ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பதற்கு முன்பு அந்த இடத்தை மின்சாரத்தால் சோதித்தபோது, துடிப்பின் வேகத்தைக் கூட்டியதும் நடுக்கம் நின்றுபோவதைக் கவனித்தார். அழிக்காமலேயே அடக்க முடியும் என்பது அதனால் தெரியவந்தது. அமெரிக்காவில் 1997-இல் நடுக்கத்துக்கும், 2002-இல் நடுக்குவாதத்துக்கும், 2018-இல் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. இதில் மூளைக்குள் போவது சில்லு அன்று. ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள ஒரு கம்பி, அதன் நுனியில் சில மின்முனைகள், அவ்வளவுதான். சில்லும் பேட்டரியும் கொண்ட பெட்டி காரை எலும்புக்குக் கீழே மார்புத் தோலுக்கடியில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கம்பி காதுக்குப் பின்புறமாகக் கழுத்து வழியே இறங்கும். பெட்டியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 130 முறை சிறு மின்துடிப்பு மூளைக்குப் போகிறது. அண்மைக்காலத்தில் வந்த சில மாதிரிகள் நோயின் அறிகுறியோடு சேர்ந்து எழும் மூளை அலைகளைப் பதிவும் செய்கின்றன என்றாலும், அத்தான் பயந்ததுபோல எண்ணங்களைப் படிக்கும் திறன் அவற்றுக்குக் கிடையாது.

இரண்டாவது, இன்னும் ஆய்வுநிலையில் இருக்கும் மூளை–கணினி இணைப்பு. கைகால் அசையாதவர்களின் மூளையிலிருந்து "அசைக்க வேண்டும்" என்ற முயற்சியின் மின்குறிகளை எடுத்து, கணினித் திரையின் சுட்டியையோ இயந்திரக் கையையோ இயக்குவது இதன் நோக்கம். செய்திகளில் அடிபடும் எலான் மஸ்கின் நியூராலிங்க் இந்த வகையைச் சேர்ந்தது. நினைவாற்றலைக் கூட்டுவது, ஒரு மொழியை அப்படியே மூளையில் ஏற்றுவது, தேர்வுக்கான பாடத்தை ஏற்றுவது ஆகியவற்றுக்கு இன்று எந்த மருத்துவமனையிலும் கருவி இல்லை. யாராவது இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

காது கேளாக் குழந்தைகளுக்கு வைக்கும் காக்ளியர் கருவியையும் பலர் மூளைச் சில்லு என்று நினைக்கிறார்கள். அது உள்காதில் இருக்கும் நத்தை எலும்பில் வைக்கப்படுவது. மூளையைத் திறக்கும் அறுவை அன்று. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகள் பலருக்கு இது பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் அச்சங்களில் பெரும்பாலானவை அதற்குப் பொருந்தா என்பதால், அந்தப் பெற்றோர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம்.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால்

சென்னைக்கு இது புதியதன்று என்று அவர்களிடம் சொல்லலாம். மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தி நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய டி.எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை நிபுணர்களுள் ஒருவர்; மூளைக்குள் நீண்டகாலம் தங்கியிருக்கும் மின்முனைகளை நாட்டிலேயே முதன்முதலாகப் பொருத்தியவர் என்று அறியப்படுபவர். 2018-இல் இந்த நகரத்திலேயே காலமானார்.

அதே வரலாற்றில் சங்கடமான பக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வி. பாலசுப்பிரமணியம், கனகா, ராமமூர்த்தி ஆகியோர் 1970 வாக்கில் எழுதிய கட்டுரைகளில், கட்டுக்கடங்காத ஆவேசமும் ஓயாத பரபரப்பும் கொண்ட நோயாளிகளை, சிறுவர்களையும் உள்ளிட்டு, மூளையின் குறிப்பிட்ட புள்ளிகளை அழித்து அமைதிப்படுத்திய அறுவைகள் பதிவாகியுள்ளன. அந்தக் காலத்தில் உலகின் பல இடங்களிலும் இப்படித்தான் நடந்தது. நல்ல மருந்துகள் குறைவாக இருந்தன, வீட்டாரின் துயரமும் உண்மையானது. ஆயினும் அழித்ததை மீட்க வழியில்லை, நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிவது எப்படி என்ற கேள்விக்கும் அன்று தெளிவான விடை இல்லை. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதென்றால் நோயாளியின் விவரமறிந்த ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். ஆகவே தீராத மனச்சோர்வுக்கோ எண்ணச் சுழற்சி நோய்க்கோ (ஓசிடி) மூளையில் கருவி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், வாரியத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. சட்டமே அதைக் கேட்கிறது.

நோயாளி பொருத்தமானவரா என்பதைச் சோதித்துக்கொள்ளும் முறை

நடுக்குவாதத்துக்கான டிபிஎஸ்ஸைப் பொறுத்தவரை இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. முந்தைய இரவிலிருந்து மாத்திரையை நிறுத்தி, காலையில் நோயாளியின் நடை, விரல் அசைவு, விறைப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். பிறகு லெவோடோபா மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் மறுபடி மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 30 சதவீத முன்னேற்றம் தெரிந்தால்தான் பெரும்பாலான மருத்துவர்கள் மேலே போவார்கள். இதன் பின்னால் இருக்கும் விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: நடுக்கம் ஒன்றைத் தவிர, மாத்திரை போட்டதும் எது சரியாகிறதோ அதைத்தான் கருவியும் சரியாக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் நோயாளி தடுமாறி விழுகிறார், பேச்சு குழறுகிறது, மறதி வருகிறது என்றால் அவை கருவி வைத்த பிறகும் இருக்கும். பேச்சு சற்று மோசமாகவும் கூடும். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே அறுவைக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து இரண்டாவது கருத்துக்காக வேறு மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுங்கள். பெரியம்மா பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதினார்: எத்தனை மணிக்குச் சிண்டோபா (லெவோடோபா கலந்த மாத்திரை), எத்தனை மணிக்குக் கை இறுகியது, எப்போது உடம்பு தன்னால் நெளிந்தது, இரவில் எத்தனை முறை எழுப்பினார். அந்த நோட்டைப் புரட்டிய மருத்துவர், மற்ற கோப்புகள் எல்லாவற்றையும்விட அதிக நேரம் அதைப் பார்த்தார். அதே நோட்டில் குணத்தைப் பற்றியும் எழுதி வையுங்கள்: கோபம் எப்படி, செலவு எப்படி, சீட்டாட்டம், சாப்பாட்டு ஆசை, தூக்கம் எப்படி. அறுவைக்குப் பிறகு ஏதாவது மாறினால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிடுவதற்கு அந்தப் பக்கங்களைத் தவிர உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

படிவத்தை அறுவைக்கு முந்தைய மாலை வார்டில் வைத்து நீட்டுவார்கள். ஒரு வாரம் முன்பாகவே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், தமிழிலும் கேளுங்கள். ஆபத்துகளில் முதலாவது மூளைக்குள் இரத்தக் கசிவு. பக்கவாதம்போன்ற விளைவை உண்டாக்கும் கசிவு நூறு பேரில் ஓரிருவருக்கு நேரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிருமித்தொற்று அதைவிட அடிக்கடி வருவது. தொற்று பெட்டியையும் கம்பியையும் பிடித்துக்கொண்டால் மருந்தால் மட்டும் போகாமல், கருவியைக் கழற்ற வேண்டிவரும். பொதுக் கணக்கைக் கேட்டுத் திருப்தி அடையாமல், "உங்கள் கையால் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கசிவு வந்தது, எத்தனை பேருக்குக் கழற்ற நேர்ந்தது?" என்று அறுவை நிபுணரிடமே கேளுங்கள். நல்ல நிபுணர்கள் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பல லட்ச ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சையில் பெரும்பகுதி கருவியின் விலை. மருத்துவமனைக் கட்டணம் குறித்துப் பேரம் பேசிப் பெரிய பயன் இல்லை. பேட்டரியைப் பற்றிய முடிவுதான் வருங்காலச் செலவைத் தீர்மானிக்கும். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்து, மார்பில் மறுபடி ஒரு சிறு அறுவை தேவைப்படும். சார்ஜ் செய்யக்கூடியது பதினைந்து ஆண்டுவரை வரும், விலை கூடுதல், வாரந்தோறுமோ சில நாளுக்கொரு முறையோ மார்பின்மேல் சார்ஜரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தனியே வசிக்கும், கை நடுங்கும், மறதி தொடங்கிய முதியவருக்கு இரண்டாவது வகை தோதுப்படாது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி உயர்ந்த மாதிரியாக வாங்கித் தந்துவிட்டு, அதைச் சார்ஜ் செய்ய வீட்டில் ஆள் இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் இந்த நகரத்தில் உண்டு. காப்பீடு இருந்தால், முதல் அறுவைக்கு மட்டுமா, பேட்டரி மாற்றுவதற்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று: கம்பெனி நாளை இருக்குமா? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, பிறகுதான் படித்தேன். பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் வைக்கும் ஆர்கஸ் என்னும் கருவியை 350-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்திய அமெரிக்க நிறுவனமான செகண்ட் சைட், 2019-இல் அதன் உற்பத்தியை நிறுத்தி, அடுத்த ஆண்டு திவாலாகும் நிலைக்கு வந்தது. கண்ணுக்குள் கருவி இருந்தவர்கள், பழுது பார்க்க ஆளில்லாமல் விடப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 15 பேருக்கு வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை மூளையில் வைத்து ஆய்வு நடத்திய நியூரோவிஸ்டா நிறுவனத்திடம் பணம் தீர்ந்துபோனது. கருவியோடு ஒன்றிப்போயிருந்த ஒரு பெண்மணி, வீட்டை அடமானம் வைத்தாவது அதை விலைக்கு வாங்கிக்கொள்ளப் பார்த்தார், நடக்கவில்லை, கழற்றிவிட்டார்கள். கருவி நன்றாக வேலை செய்தும் இழக்க நேர்ந்தது என்பது இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே நிறுவனப் பிரதிநிதி வந்து வண்ணக் கையேட்டை விரிக்கும்போது, இந்த மாதிரி எத்தனை ஆண்டாகச் சந்தையில் இருக்கிறது, சென்னையிலேயே பொறியாளர் இருக்கிறாரா, இந்தப் பெட்டி நின்றுபோனால் அதே கம்பியோடு வேறு பெட்டியை இணைக்க முடியுமா, கழற்ற வேண்டிவந்தால் யார் செலவு என்று கேட்டு, பதில்களை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆய்வுநிலைக் கருவிக்கு அழைப்பு வந்தால்

முதுகுத்தண்டு முறிந்து படுத்திருக்கும் இளைஞனின் தாய்க்கோ, இயக்க நரம்பணுக்கள் சிதையும் ஏஎல்எஸ் நோயால் பேச்சு இழந்துகொண்டிருப்பவரின் மனைவிக்கோ மூளை–கணினி இணைப்பைப் பற்றிய செய்தி எப்படிப்பட்ட நம்பிக்கையைத் தரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. மேத்யூ நேகல் என்னும் இளைஞர் 2004-இல் பிரெயின்கேட் ஆய்வில், நான்கு மில்லிமீட்டர் சதுரமுள்ள மின்முனைத் தட்டை மூளையின் இயக்கப் பகுதியில் வைத்துக்கொண்டு, எண்ணத்தால் கணினிச் சுட்டியை நகர்த்தினார். 2021-இல் வெளியான ஆய்வொன்றில், கை அசையாத ஒருவர் எழுதுவதாக மனத்தில் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தார். 2024-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார், பேச்சு குழறிப்போன ஓர் ஏஎல்எஸ் நோயாளி பேச முயன்ற சொற்களை 97 சதவீதத்துக்கும் மேலான துல்லியத்தோடு கணினி சொல்லச் செய்தார்கள். நோய்க்கு முந்தைய பதிவுகளைக் கொண்டு அவருடைய பழைய குரலிலேயே சொல்லச் செய்தார்கள். இந்தப் பேச்சுக் கருவிகள் ஆங்கிலத்துக்காகப் பழக்கப்படுத்தப்பட்டவை. தமிழில் பேச முயலும் ஒருவருக்கு அந்தப் பழக்குதலைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அதே சமயம் அளவையும் பாருங்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். நியூராலிங்கின் கருவியில் 1,024 மின்முனைகள். 2024 ஜனவரியில் அதை முதலில் பெற்ற நோலண்ட் ஆர்பாவின் மூளையிலிருந்து மெல்லிய இழைகளில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே நழுவிப் பின்வாங்கின; மென்பொருளை மாற்றி எழுதி, மிஞ்சிய இழைகளைக் கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். மூளை சும்மா இருக்கும் பொருள் அன்று, அது தலைக்குள் துடித்துக்கொண்டும் அசைந்துகொண்டும் இருக்கிறது. அன்னியப் பொருளைச் சுற்றி வடுத் திசுவையும் வளர்க்கிறது, அதனால் குறிகள் காலப்போக்கில் மங்குகின்றன. சிங்க்ரான் என்னும் நிறுவனம் மண்டையைத் திறக்காமல் கழுத்து இரத்தக்குழாய் வழியே வலைக்குழாய் (ஸ்டென்ட்) ஒன்றை அனுப்பி மின்முனைகளை வைக்கிறது. ஆபத்து குறைவு, ஆனால் தொலைவிலிருந்து கேட்பதால் குறிகளின் நுட்பமும் குறைவு.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கு உங்களை யாராவது அழைத்தால், 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எண் இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியையும், ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்ற பக்கத்தையும் படிவத்தில் தேடுங்கள். மருத்துவக் கருவிகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. ஆய்வு முடிந்த மறுநாள் கருவி யாருடையது என்ற கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். ஆய்வுக் கருவிக்காகப் பங்கேற்பவரிடம் பணம் வாங்குகிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

அத்தானின் கவலைக்கும் இந்த வகைக் கருவியில்தான் இடம் உண்டு. மூளையிலிருந்து எடுக்கும் குறிகள் கணினிக்குப் போகின்றன. கணினியிலிருந்து எங்கே போகின்றன என்பது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. சிலி நாடு 2021-இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் பாதுகாக்கும்படி தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. நம் நாட்டில் 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மை கண்டறியும் மருந்துச் சோதனையையும் மூளை வரைவுச் சோதனையையும் ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது குற்ற விசாரணை தொடர்பானது. கருவி நிறுவனத்தின் கையில் இருக்கும் தகவலுக்கு 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் நாட வேண்டும், அதில் மூளைத் தகவலுக்கென்று தனி வகைப்பாடு ஏதுமில்லை. எனவே தகவல் எந்த நாட்டில் சேமிக்கப்படும், யாருக்குக் கொடுக்கப்படும், ஆய்விலிருந்து விலகினால் அழிக்கப்படுமா என்ற மூன்றையும் ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்கள்

டிபிஎஸ் முடிந்து வீடு வந்த பெரியப்பா, கருவியை இன்னும் இயக்கவே இல்லாத நிலையில், காபி டம்ளரைச் சிந்தாமல் தூக்கினார். வீடே கொண்டாடியது, அத்தை பழனிக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தக் கிளம்பினார். மூன்றாம் வாரம் நடுக்கம் திரும்பியது. எல்லாம் வீணாயிற்று என்று பெரியம்மா அழுதார். கம்பி உள்ளே போன வழியில் உண்டாகும் சிறு வீக்கமே தற்காலிகமாக நடுக்கத்தை அடக்கும், அது வடிந்ததும் பழைய நிலை திரும்பும், அதன் பிறகுதான் கருவியை இயக்குவார்கள் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இயக்கத் தொடங்கியதும் மின்துடிப்பின் அளவைச் சரிசெய்யும் வேலை பல மாதம் நடக்கும். மாதத்துக்கு ஓரிரு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டிவரும் என்பதால், எத்தனை புகழ்பெற்றதாக இருந்தாலும் நகரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனையைவிட, நெரிசலில் சிக்காமல் போய்வரக்கூடிய இடத்தில் இந்தச் சரிசெய்தலில் தேர்ந்த நரம்பியல் மருத்துவர் இருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது. மாத்திரை பெரும்பாலும் குறையும், நிற்காது. பெரியம்மாவின் கேள்விக்கு விடை அதுதான்.

குணமாற்றத்தைக் கவனியுங்கள். சிலருக்குத் திடீரென்று துணிச்சல் கூடி, பணத்தை வாரி இறைப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது போன்றவை வரும். சிலருக்கு நேர்மாறாக மனம் சோர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வரும். உடம்பு தேறிவிட்டதே, இனி என்ன குறை என்று வீட்டார் இதை அதட்டி அடக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள், குறிப்பாக உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் மின்துடிப்பின் அளவையோ மாத்திரையையோ மாற்றினால் சரியாகும்.

அதற்குப் பிறகு, ஆயுள் முழுவதும்

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை டயதர்மி பற்றியது. தோள் வலி, முழங்கால் வலி என்று பிசியோதெரபி மையத்துக்குப் போனால், ஷார்ட்வேவ் டயதர்மி என்னும் வெப்ப சிகிச்சை கொடுப்பது சாதாரண வழக்கம். டிபிஎஸ் கம்பி உள்ளவருக்கு அதைக் கொடுத்தால், கம்பி அந்த ஆற்றலை மூளைக்குக் கடத்தி, நிரந்தரச் சேதமும் மரணமும் நேரலாம் என்று கருவி நிறுவனங்களே எச்சரிக்கின்றன. வலி தோளில்தானே, கருவி தலையில்தானே என்ற சமாதானம் செல்லாது. உடம்பின் எந்தப் பகுதியிலும் கூடாது. வீட்டருகே ஒரு மையத்தில் பெரியப்பாவைப் படுக்க வைத்து இயந்திரத்தை இழுத்து வந்த பிறகுதான், உடன் போயிருந்த தங்கை தற்செயலாகக் கருவியைப் பற்றிச் சொன்னாள். பதிவுப் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. எம்ஆர்ஐ எடுக்கும்போதும், பல் மருத்துவரோ வேறு அறுவை நிபுணரோ மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்தும்போதும் முன்கூட்டியே சொல்லி, மாதிரி எண்ணைக் காட்டி, அனுமதி உண்டா என்று கேட்டே ஆக வேண்டும்.

கருவி அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையங்களிலும் விமான நிலையத்திலும் உலோகச் சோதனை வாயிலுக்கு முன் அதைக் காட்டினால் கையால் சோதித்து அனுப்புவார்கள். சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் சாய்ந்து உட்கார வேண்டாம், அதற்குள் வலுவான காந்தம் இருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்த ஒன்பது பேர் டிபிஎஸ்ஸுக்குப் பிறகு நீந்தும் திறனை இழந்ததைச் சூரிச் மருத்துவர்கள் 2019-இல் பதிவு செய்தார்கள், அதில் ஒருவர் தண்ணீரில் குதித்த பிறகே அதை உணர்ந்தார். எலியட்ஸ் கடற்கரையிலோ நீச்சல் குளத்திலோ, பழைய பழக்கத்தை நம்பித் தனியே இறங்க வேண்டாம்.

சார்ஜ் செய்யும் மாதிரியை வைத்திருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள்காட்டியோடு வானிலை அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் வர்தா புயலுக்குப் பிறகும் 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் நகரத்தின் சில பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே பெட்டியை முழுவதும் சார்ஜ் செய்துவிடுங்கள், சார்ஜரையும் இன்வெர்ட்டரில் இணைத்து நிறைத்து வையுங்கள். துடிப்பு திடீரென்று நின்றால் நடுக்கமும் விறைப்பும் சில மணி நேரத்தில் மொத்தமாகத் திரும்பி, விழுங்கக்கூட முடியாத நிலை ஏற்படலாம். அப்படி நேர்ந்தால் எந்த அளவில் மாத்திரை கொடுப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. மார்பில் இருக்கும் பெட்டியின் பேட்டரி நெருப்பில் வெடிக்கும். ஆகவே தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். மார்புத் தோலில் சிறிய வெட்டுப் போட்டு எடுக்கும் வேலைதான், தலையைத் தொட வேண்டியதில்லை. வீட்டில் உயிர் பிரிந்தால், சான்றிதழ் எழுத வரும் மருத்துவரிடமே இதைச் சொல்லிவிடலாம். மருத்துவமனையில் என்றால் உடலை ஒப்படைக்கும் முன் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் நினைவு இருக்காது என்பதால், பெரியப்பாவே தன் கருவி அட்டையின் பின்புறத்தில், நடுக்கமில்லாத எழுத்தில், "எரிக்கும் முன் பெட்டியை எடுக்கவும்" என்று தமிழில் எழுதி, கீழே மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் குறித்து வைத்தார்.